கட்டையைக் குறைத்தால் கௌரவம் குறையாது



பதிவு கொஞ்சம் நீளம். டீச்சர் எழுதினால் நீளமாகத்தான் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள். நடுவில் யாரும் எழுந்து போகக் கூடாது!

போன வாரம் எங்கள் குடும்பக் குழுவில் ஒரு வீடியோ வந்தது. என் அக்கா பேத்தி பாடியது. பதின்மூன்று வயது. இந்த மார்கழியில் நடக்கிற ஒரு பாட்டுப் போட்டிக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறாள். நல்ல ஞானம் உள்ள குழந்தை, தாளம் பிசகாது. வீடியோவுக்குக் கீழே கைதட்டல் படமாக இருபது முப்பது வந்து விழுந்தது. நான் மட்டும், "கண்ணு, உனக்குத் தொண்டை கட்டியிருக்கா? ஒரு வாரம் பாடாம இரேன்" என்று எழுதினேன்.

அவ்வளவுதான். அவள் அம்மா எனக்குப் போன் செய்தாள். "சித்தி, எல்லாரும் பாராட்டறாங்க, நீங்க மட்டும் குறை சொல்றீங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை போட்டி. இப்பப் போய் பாடாதேன்னு சொன்னா குழந்தை மனசு என்ன ஆகும்?" என்றாள். அவள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் சொன்னது குறை இல்லை, பயம். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதைப் போனில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அவளுக்காக மட்டும் இல்லை. பாடுகிற குழந்தை வீட்டில் இருக்கிற எல்லாருக்காகவும், என்னை மாதிரி வகுப்பில் நின்று கத்துகிற என் மாணவ ஆசிரியர்களுக்காகவும்.

முதலில் அந்த வீடியோவில் நான் பார்த்தது என்ன என்று சொல்கிறேன். மேல் ஸ்தாயிக்குப் போகும்போதெல்லாம் குழந்தை மோவாயைத் தூக்குகிறாள். கழுத்து நரம்பு புடைக்கிறது. மேல் ஷட்ஜத்தில் குரலோடு காற்றும் சேர்ந்து வருகிறது. பாட்டு முடிந்தவுடன் இரண்டு தடவை செருமினாள். இவை எதுவும் சுருதி பிசகு இல்லை. அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை.

அவள் ஏழு வயதில் ஆறு கட்டையில் பாட ஆரம்பித்தாள். அந்த வயதுக்கு அது சரி. சின்னக் குழந்தைகளுக்கு ஆறு கட்டை கூட இயல்பாக வரும். இப்போது பதின்மூன்று. இந்த ஆறு வருஷத்தில் அவளுக்குச் சட்டை அளவு மாறிவிட்டது, செருப்பு அளவு மாறிவிட்டது, கட்டை மட்டும் மாறவில்லை. கேட்டால், "அவ எப்பவும் ஆறு கட்டைதான்" என்று பெருமையாகச் சொல்கிறார்கள்.

பையன்களுக்கு மகரக்கட்டு வரும் என்பது நமக்கெல்லாம் தெரியும். அந்தக் காலத்து நாடகக் கம்பெனிகளில் பாடுகிற பையன்களுக்கு அது பெரிய கண்டம். நேற்று வரை ராஜபார்ட்டாகப் பாடியவன் குரல் உடைந்ததும் பாட்டு இல்லாத வேஷத்துக்குப் போக வேண்டியதுதான். பையன்களின் குரல் சுமார் ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும். ஆனால் பெண் குழந்தைகளுக்கும் அந்த வயதில் குரல் மாறும் என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. அவர்களுக்கு இரண்டு மூன்று சுரம்தான் இறங்கும். வெளியே பெரிதாகத் தெரியாது. காற்று கலந்த மாதிரி, கொஞ்சம் கரகரப்பாகக் கேட்கும். 'ஜலதோஷம்' என்று நாம் விட்டுவிடுவோம். அந்தச் சமயத்தில் பழைய கட்டையிலேயே பிடிவாதமாகப் பாடவைத்தால் குழந்தை தொண்டையை இறுக்கித்தான் மேலே போக வேண்டும்.

இதற்குள் ஒரு சின்ன கணக்கு இருக்கிறது. நான் கணக்கு டீச்சர், கணக்கு இல்லாமல் பதிவு போட மாட்டேன். ஆறு கட்டையில் நடு ஸ்தாயி ஷட்ஜம் பாடும்போது நம் தொண்டைக்குள் இருக்கிற இரண்டு குரல்நாண்களும் ஒரு நொடிக்கு 220 முறை ஒன்றோடொன்று சேர்ந்து பிரிகின்றன. மேல் ஷட்ஜத்தில் 440 முறை. மேல் பஞ்சமத்தில் 660 முறை. ஒரு நொடிக்கு! வளர்ந்த பெண்ணுக்கே அந்த நாண் ஒரு சென்டிமீட்டர் சொச்சம் நீளம்தான். குழந்தைக்கு அதைவிடக் குறைவு. மெதுவாகத் தொட்டுப் பிரிந்தால் எத்தனை ஆயிரம் முறையானாலும் அது தாங்கும். கடவுள் அப்படித்தான் படைத்திருக்கிறார். இறுக்கி, முட்டி மோதிப் பிரிந்தால் தாங்காது. துடைப்பம் பிடிக்கிற கையில் காய்ப்பு விழுகிற மாதிரி அங்கேயும் இரண்டு பக்கமும் காய்ப்பு விழும். டாக்டர்கள் அதை நாடியூல் என்கிறார்கள். காய்ப்பு இருந்தால் இரண்டு நாணும் சரியாக மூடாது. இடுக்கு வழியாகக் காற்று போகும். அதுதான் அந்தக் காற்றுச் சத்தம். குரல் வரவில்லையே என்று இன்னும் அழுத்திப் பாடுவோம். காய்ப்பு இன்னும் பெரிதாகும்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

என்னிடம் படித்தவர்களுக்கு என் குரல் ஞாபகம் இருக்கும். ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு வகுப்பில் 58 பிள்ளைகள். ஜன்னலுக்கு வெளியே பஸ் போகும் ரோடு. பக்கத்து வகுப்புக்கும் எனக்கும் நடுவில் சுவர் கிடையாது, ஒரு மரத் தட்டிதான். அவர்கள் வாய்ப்பாடு சொன்னால் நாங்கள் அதைவிடச் சத்தமாகத் தமிழ்ப் பாட்டுப் பாட வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு பீரியடு. எங்களுக்குப் பயிற்சியில் பாடத்திட்டம் எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள், கரும்பலகையில் எழுத்து நேராக எழுதச் சொல்லிக் கொடுத்தார்கள். முப்பது வருஷம் பிழைப்புக்கு வேண்டிய குரலை எப்படி வைத்துக்கொள்வது என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் அப்போது நன்றாகப் பாடுவேன். மேடைக் கச்சேரி இல்லை. நலங்கு, வளைகாப்பு, தொட்டில் என்றால் உறவில் எல்லாரும் "அவளைப் பாடச் சொல்லுங்க" என்பார்கள். மார்கழியில் விடியற்காலை பஜனைக்கும் போவேன். பகலெல்லாம் வகுப்பில் கத்திவிட்டு, காலைப் பனியில் ஐந்து கட்டையில் எல்லாரோடும் சேர்ந்து உரக்கப் பாடுவேன். என் 46ஆவது வயதில் ஒரு மார்கழியில் குரல் கட்டியது. தை வந்தது, மாசி வந்தது, கட்டு விடவில்லை. மிளகுப் பால், சித்தரத்தை, அதிமதுரம், பனங்கற்கண்டு எல்லாம் ஆயிற்று. தொண்டை மாத்திரையை வாயில் அடக்கிக்கொண்டு பாடம் நடத்தினேன். மாத்திரை வலியை மரத்துப்போக வைத்தது. வலி தெரியாததால் இன்னும் கத்தினேன்.

மூன்று மாதம் கழித்துத்தான் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். கேமரா விட்டுப் பார்த்தார். இரண்டு பக்கமும் அரிசி முனை மாதிரி இரண்டு காய்ப்பு. "அறுவை சிகிச்சை இப்ப வேண்டாம், முதல்ல பேச்சைக் குறைங்க, குரல் பயிற்சிக்குப் போங்க" என்றார். பத்து நாள் மௌனம். பிறகு பல மாதம் பயிற்சி. பேசும் குரல் திரும்பி வந்தது. பாடும் குரல் முழுதாக வரவில்லை. இன்றைக்கும் மேலே ரிஷபத்தைத் தொட்டால் பிசிறு தட்டும்.

அதனால் என்ன, நீ என்ன பாட்டுக்காரியா என்று கேட்கலாம். என் அம்மா கடைசி நாட்களில் படுக்கையில் இருந்தபோது, நான் சின்ன வயதில் பாடிய ஒரு பாட்டைப் பாடச் சொன்னார். இரண்டாவது அடியில் குரல் நின்றுவிட்டது. "பரவாயில்லடி" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தார். எனக்குப் பாட்டு தொழில் இல்லைதான். ஆனால் அன்றைக்கு அது எனக்கு வேண்டியிருந்தது.

இப்போது என்னிடம் எல்லாரும் சொல்கிற இரண்டு பதில்களுக்கு வருகிறேன்.

"அந்தக் காலத்தில் மைக்கே இல்லாமல் பாடினார்களே" என்பது ஒன்று. ஆமாம், பாடினார்கள். கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி உச்சத்தில் பாடினார்கள். அப்போது உயர்ந்த சுருதி அவசியமாக இருந்தது. ஆயிரம் பேருக்குக் கேட்க வேண்டும், வேறு வழி இல்லை. அப்படிப் பாடித் தாங்கிய பேர்தான் நமக்குத் தெரியும். பாடித் தாங்காமல் பாட்டை விட்டவர்கள் பேர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. பிறகு மைக் வந்தது. கீழே நின்று, அழுத்தமாக, நிதானமாகப் பாடுகிற குரலுக்கும் மேடை கிடைத்தது. டி.கே. பட்டம்மாள் குரலை நினைத்துப் பாருங்கள். கனமான குரல், கத்தல் கிடையாது. யாராவது அதைக் குறை என்று சொன்னார்களா? மைக் வந்து எண்பது தொண்ணூறு வருஷம் ஆன பிறகும் மைக் இல்லாத காலத்துக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பது எதற்கு?

இரண்டாவது பதில், "சாதகம் பண்ணினால் குரல் பழகும்" என்பது. இதை நான் மறுக்கவே மாட்டேன். செம்மங்குடி சீனிவாச ஐயரைவிட இதற்கு உதாரணம் வேண்டாம். இளம் வயதில் அவருக்குக் குரல் ஒத்துழைக்கவில்லை. வயலினுக்குப் போய்விடு என்று சொன்னவர்களும் உண்டு. அவர் விடாமல் சாதகம் செய்தார். 1947ல் சங்கீத கலாநிதி. 2003ல் தொண்ணூறு வயதைத் தாண்டிக் காலமானார், முதுமையிலும் மேடை ஏறினார். தன் குரல் எப்படிப்பட்டது என்று அவருக்கே தெரியும், அதை ஒளிக்கவும் இல்லை. அந்தக் குரலுக்கு என்ன முடியுமோ அதை வைத்து ஒரு பாணியை உண்டாக்கினார். சாதகம் என்றால் அதுதான். நம் பெரியவர்கள் சாதகத்தை எங்கே ஆரம்பிக்கச் சொன்னார்கள்? விடியற்காலையில், கீழ் ஸ்தாயியில், அகாரத்தில், முதல் காலத்தில். எடுத்த எடுப்பில் மேல் பஞ்சமத்தைப் பிடி என்று எந்தக் குருவும் சொன்னதில்லை. கை கால் அசைத்து உடம்பைச் சூடாக்காமல் யாராவது ஓட்டப் பந்தயத்துக்குப் போவார்களா? நம் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் காலையில் போய்ப் பாருங்கள், ஓடுகிற பிள்ளைகள் அரை மணி நேரம் அதற்கே செலவழிக்கிறார்கள். களைப்பு வேறு, காயம் வேறு என்று விளையாட்டு ஆசிரியருக்குத் தெரிகிறது. பாட்டிலும் அப்படித்தான். வலித்தால் அது சாதகம் இல்லை.

உலகப் புகழ் பெற்றவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தில் பாடி நடித்த ஜூலி ஆண்ட்ரூஸ் 1997ல் குரல்நாணில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பாடும் குரல் திரும்பவே இல்லை. நம் பக்கத்தில் செம்பை வைத்தியநாத பாகவதருக்கு ஒரு கட்டத்தில் குரல் போய், பல மாதம் பாட முடியாமல் இருந்து, பிறகு திரும்பியது. மீதி வாழ்நாள் முழுக்க அவர் அதைக் குருவாயூரப்பன் கொடுத்த குரல் என்றே நினைத்தார். எல்லாருக்கும் அப்படித் திரும்பும் என்று நாம் எண்ணிக்கொள்ள முடியாது.

சரி, என்ன செய்யலாம்? டீச்சர் பாணியில் வரிசையாகச் சொல்கிறேன்.

1. வருஷத்துக்கு ஒரு தடவையாவது, பத்து வயதுக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, குழந்தையின் கட்டையைச் சரிபாருங்கள். கீழேயும் மேலேயும் முகம் சுளிக்காமல், மோவாய் தூக்காமல் எது வருகிறதோ அதுதான் அவள் கட்டை. இப்போது சுருதிப் பெட்டி கைப்பேசியிலேயே இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் அரைக் கட்டை இறங்கும். கௌரவம் இறங்காது.

2. சினிமாப் பாட்டை டிராக் போட்டுப் பாடும் பிள்ளைகளுக்கும் இதே விஷயம்தான். அந்த டிராக் வேறு யாரோ ஒரு பெரியவர் தன் குரலுக்குப் பாடியது. பள்ளி ஆண்டு விழாவில் பத்து வயதுப் பையனை அதே சுருதியில் பாடவைக்காதீர்கள். டிராக்கையும் இறக்கலாம், ஏற்றலாம்.

3. தொண்டை கட்டியிருந்தால் பாடக் கூடாது. ரகசியக் குரலிலும் பேச வேண்டாம், அதுவும் தொண்டைக்குச் சிரமம்தான். செருமாதீர்கள். ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்குங்கள். வென்னீர் ஆவி பிடிப்பது நல்லது. மிளகுப் பாலும் கஷாயமும் இதமாக இருக்கும், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அது ஓய்வுக்குப் பதில் ஆகாது. வலியை மரத்துப்போக வைக்கும் மாத்திரை போட்டு மேடை ஏற்றவே ஏற்றாதீர்கள்.

4. குடிக்கிற தண்ணீர் குரல்நாணில் போய் விழாது, அது வேறு குழாய். உடம்பு முழுக்க ஈரமாக இருந்தால்தான் அதுவும் ஈரமாக இருக்கும். அதனால் பாடுவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் குடித்தால் போதாது, நாள் முழுக்கக் குடிக்க வேண்டும்.

5. சபா கேன்டீன் ரசிகர்களுக்கு ஒரு வார்த்தை. கச்சேரி முடிந்து ராத்திரி பத்து மணிக்கு போண்டாவும் ரவா தோசையும் சாப்பிட்டு உடனே படுத்தால் வயிற்றுப் புளிப்பு மேலே ஏறித் தொண்டையைப் புண்ணாக்கும். காலையில் குரல் கரகரப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பாடுகிறவர்கள் சீக்கிரம் சாப்பிடுங்கள். ரசிகர்கள் உங்கள் இஷ்டம்!

6. மூன்று வாரத்துக்கு மேல் குரல் கட்டியே இருந்தால் டாக்டரிடம் போய்க் கேமராவில் பார்த்துவிடுங்கள். பாடும்போது சட்டென்று குரல் போனால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே வாயை மூடி, உடனே போங்கள். ஆரம்பத்தில் பார்த்தால் காய்ப்பு பெரும்பாலும் ஓய்விலும் பயிற்சியிலுமே கரையும். என்னை மாதிரி மூன்று மாதம் கஷாயத்தோடு உட்காராதீர்கள்.

இனி ஆசிரியர்களாக இருக்கிற என் பிள்ளைகளுக்கு. காலைக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்தை யாராவது ஒரு குழந்தை படபடப்பில் மேலே எடுத்துவிடும். மோகன ராகம், நடுவில் மேலே போகும் அடி வரும்போது பள்ளிக்கூடமே கத்தும். நானும் வருஷக்கணக்கில் அப்படித்தான் கத்த வைத்தேன். மேலே போகும் அடியை முதலில் மனசுக்குள் பாடிப் பார்த்து, அது சுகமாக வருகிற இடத்தில் ஆரம்பிக்கச் சொல்லிக் கொடுங்கள். ஒரு நிமிஷம் கூட ஆகாது.

அப்புறம், வகுப்பில் மைக் வேண்டும் என்று கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். எங்கள் தெருவில் தள்ளுவண்டியில் காய் விற்கிற தம்பி கூட இப்போது கத்துவதில்லை. குரலைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு நிம்மதியாக எடை போடுகிறார். மெட்ரோ வேலைத் தூசியில் அவர் தொண்டையாவது பிழைத்தது. இடுப்பில் கட்டிக்கொள்ளும் சின்ன ஒலிபெருக்கி ஒரு நல்ல செருப்பு விலைக்குக் கிடைக்கிறது. குரலை வைத்துப் பிழைக்கிறவர்களில் அதிகம் கெடுத்துக்கொள்பவர்கள் ஆசிரியர்கள்தான் என்று என் டாக்டரே சொன்னார். பாட்டுக்காரர்களுக்காவது குரல் என்றால் பயம் உண்டு. நமக்கு அதுவும் கிடையாது.

என் மாணவர்களிடம் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டும். "சத்தமா சொல்லு! எனக்குக் கேக்கலை!" என்று உங்களை எத்தனை தடவை விரட்டியிருப்பேன்! மெல்லிய குரல் உள்ள பிள்ளைகளை முன்னால் கூப்பிட்டு நிறுத்திக் கேட்டிருக்கலாம். அப்போது எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக, பாட்டுப் போட்டி நடத்துகிறவர்களுக்கு. தொண்டை கட்டிய குழந்தைக்கு வேறு ஒரு நாள் வாய்ப்புக் கொடுங்கள். மேல் ஸ்தாயியில் எவ்வளவு நேரம் நின்றது என்பதற்கு மதிப்பெண் போடாதீர்கள். நீங்கள் மதிப்பெண்ணை எங்கே வைக்கிறீர்களோ, பெற்றோர் குழந்தையை அங்கேதான் தள்ளுவார்கள். இது முப்பது வருஷம் பரீட்சைத் தாள் திருத்தியவள் சொல்வது.

என் அக்கா மகளே, இதை நீ படிப்பாய் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை போட்டிக்கு அவளை அனுப்பாதே. குழந்தை மனசு என்ன ஆகும் என்று கேட்டாய். இரண்டு நாள் அழுவாள். நான் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். அடுத்த வாரம் டாக்டரிடம் நானும் கூட வருகிறேன். ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னால் குடும்பக் குழுவில் எல்லார் முன்னாலும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், எனக்கு அதைவிட சந்தோஷம் கிடையாது. போட்டி அடுத்த மார்கழியிலும் வரும். அதற்கு அவள் ஐந்து கட்டையில் பாடட்டும், நான்கரையில் பாடட்டும், முன் வரிசையில் உட்கார்ந்து கேட்க நான் வருவேன்.

உங்கள் வீட்டில் பாடுகிற பிள்ளைகள் இருந்தால் இன்றைக்கே ஒரு தடவை, பாட்டைக் கேட்காமல் கழுத்தைப் பாருங்கள். என்ன பார்த்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன், பதிலும் போடுவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
நந்தனம்.